வாள் முன் குனிந்து நில்லுங்கள்: சாமுராய் வாளையும் கவசத்தையும் பார்க்கப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை ஒரு ஜப்பானிய வாளின் முன் நின்றபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைத் துணி, அதன்மேல் லேசாக வளைந்த ஓர் இரும்பு. பிடியும் இல்லை, உறையும் இல்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அதே வாளின் முன் ஒரு பெரியவர் முழங்காலை மடித்து, தலையை மெதுவாக இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். அவர் போனதும் அதே இடத்தில் அவரைப் போலவே குனிந்து பார்த்தேன். வெட்டும் விளிம்பு நெடுக மார்கழிப் பனி படர்ந்தது போல ஒரு வெண்கோடு எழுந்து வந்தது. நேராக நின்றபோது அது கண்ணில் படவே இல்லை.

சாமுராய் வாளின் அழகு தானாக வந்து கண்ணில் விழாது. எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தைப் பிடிப்பது, எதை முதலில் பார்ப்பது என்று ஒரு முறை இருக்கிறது. ஜப்பானில் பல தலைமுறைகளாக வாளை மதிப்பிடுபவர்கள் அந்த வரிசையில்தான் பார்க்கிறார்கள்: முதலில் உருவம், பிறகு இரும்பின் மேனி, பிறகு விளிம்புக் கோலம், கடைசியில் பிடிக்குள் மறையும் அடிப்பகுதி. நானும் ஏறக்குறைய அதே வரிசையில் போகிறேன். ஆனால் புதிதாகப் பார்ப்பவருக்கு விளிம்புக் கோலம்தான் முதலில் பிடிபடும் என்பதால், அதை மட்டும் இரும்பின் மேனிக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

படி 1: விளிம்பு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

அருங்காட்சியகத்தில் வாளைக் கிடத்தியிருக்கும் விதமே ஒரு தகவல். வெட்டும் விளிம்பு கீழே பார்த்தபடி இருந்தால் அது தாச்சி. மேலே பார்த்தபடி இருந்தால் கட்டானா. அந்தக் காலத்து வீரன் இடுப்பில் அணிந்த விதத்திலேயே இங்கும் வைக்கிறார்கள். தாச்சி குதிரைவீரனின் வாள்; இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கும், விளிம்பு தரையைப் பார்க்கும். கட்டானாவை இடுப்புக் கச்சைக்குள் விளிம்பு மேலே இருக்கும்படி செருகிக்கொள்வார்கள். உருவும் அசைவே வெட்டாகவும் முடியும் என்பதால், தரையில் நின்று சண்டையிடுபவனுக்கு இது வசதி.

நீளத்தைப் பொறுத்தும் பெயர் மாறும். ஜப்பானிய அளவில் ஒரு ஷாக்கு என்பது சுமார் 30.3 சென்டிமீட்டர். இரண்டு ஷாக்குவுக்கு மேல் இருந்தால் தாச்சி அல்லது கட்டானா. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் வாக்கிஸாஷி. ஒன்றுக்குக் கீழே இருந்தால் தாந்தோ. எடோ காலத்துச் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) சாமுராய் இடுப்பில் இருந்த ஜோடி என்பது கட்டானாவும் வாக்கிஸாஷியும்தான்.

படி 2: இரண்டு அடி பின்னால் போய் வளைவைப் பாருங்கள்

பக்கத்தில் போகும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். வாளின் வயதை முதலில் சொல்வது அதன் உருவம்தான்.

ஹேயன் காலத்து முடிவிலும் காமகுரா காலத்துத் தொடக்கத்திலும், அதாவது 12ஆம் நூற்றாண்டை ஒட்டி, செய்த வாள்களில் வளைவு பிடிக்குப் பக்கத்தில், இடுப்பு ஒடிந்தது போல ஆழமாக இருக்கும். முனைக்குப் போகப்போக உடல் மெலிந்து, சின்ன முனையில் முடியும். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மிகாஸுக்கி முனேசிக்கா' இதற்கு நல்ல உதாரணம். நீளம் 80 சென்டிமீட்டர், வளைவு 2.7 சென்டிமீட்டர். என் கண்ணுக்கு ஜப்பானிய வாள்களிலேயே மிக நளினமான உருவம் இதுதான்.

13ஆம் நூற்றாண்டின் நடுவில் வாள் அகலமாகி, முனை குட்டையாகத் தடித்து, காட்டுப்பன்றியின் கழுத்து போல ஆகிறது. 14ஆம் நூற்றாண்டில் எல்லாம் பெரிதாகிறது. நீண்ட முனையுடன் தோளில் சுமக்கும் அளவுக்கு வாள்கள் வந்தன. பிறகு காலாட்படைப் போர்கள் பெருகியபோது குட்டையாகி, வளைவு முனைப் பக்கம் நகர்ந்தது. 1660களில் செய்த வாள்களைப் பார்த்தால் ஏறக்குறைய நேராகவே இருக்கும். நாட்டில் போர் நின்று, மூங்கில் வாளால் பயிற்சிக் கூடங்களில் பழகிய காலம் அது.

1596க்கு முந்தியவற்றைக் 'கொத்தோ' என்றும் பிந்தியவற்றை 'ஷிந்தோ' என்றும் பிரிப்பார்கள். பழைய வாள், புதிய வாள் என்றுதான் பொருள். நானூறு வருஷத்து வாளும் இந்தக் கணக்கில் 'புதியது'.

இன்னொன்று: பிடி இல்லாமல் கிடக்கும் வாளைப் பார்த்து எடையைத் தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அதே அருங்காட்சியகத்தின் 'ஓகானேஹிரா' 89.2 சென்டிமீட்டர் நீளம், நல்ல அகலம். எடையோ சுமார் 1.35 கிலோதான். அவ்வளவு பெரிய உருவத்தை அவ்வளவு மெல்லியதாக அடித்த கை பிஸென் நாட்டுக் (இன்றைய ஓக்காயாமா பகுதி) கொல்லர் கானேஹிராவுடையது.

படி 3: குனியுங்கள், விளக்கைத் தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி. இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

பெட்டியின் மேலே எங்கோ ஒரு சின்ன விளக்கு இருக்கும். அதன் ஒளி வாளின் மேல் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பும் இடத்துக்கு உங்கள் தலை போக வேண்டும். முழங்காலை மடித்து மெதுவாகக் கீழே இறங்குங்கள். விளக்கின் பிம்பம் வாளில் ஒரு பளிச்சென்ற புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியின் ஓரத்தைப் பாருங்கள். அங்கேதான் 'ஹமோன்' எனப்படும் விளிம்புக் கோலம் தெரியும். பிறகு தலையைப் பக்கவாட்டில் நகர்த்தி, அந்தப் புள்ளியை வாளின் அடியிலிருந்து முனை வரை நடத்திக்கொண்டு போங்கள். துளித்துளியாகத்தான் பார்க்க முடியும். முழு வாளையும் ஒரே பார்வையில் பார்க்க வழியே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தூரத்திலிருந்தே விளிம்பு ஓரம் வெள்ளையாக ஒரு பட்டை தெரியுமே, அதை ஹமோன் என்று நினைத்து நிறையப் பேர் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். அந்த வெள்ளை, சாணை பிடிப்பவர் கடைசியில் மெல்லிய கல் துண்டை விரலால் அழுத்தித் தேய்த்து உண்டாக்கியது. மெய்ஜி காலத்தில் (19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) பரவிய முறை அது. அழகுதான். ஆனால் கொல்லர் நெருப்பில் உண்டாக்கிய உண்மையான கோடு அந்த வெள்ளைக்குள்ளே, ஒளியில் மட்டும் தெரியும்படி இருக்கிறது.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று தெரிந்தால் பார்வையே மாறிவிடும். அதனால் கொஞ்சம் பட்டறைக்குள் போய்விட்டு வருவோம்.

ஷிமானே மாகாணத்தின் ஒக்குஇஸுமோ மலைப்பகுதியில் 'தத்தரா' என்ற களிமண் உலை இருக்கிறது. நின்றுபோயிருந்த அந்தத் தொழிலை 1977இல் ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கம் மறுபடி தொடங்கியது. குளிர்காலத்தில் மட்டும் உலை எரியும். மூன்று இரவு மூன்று பகல் அணையாமல், ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு முறை இரும்பு மணலும் கரியும் மாறி மாறிப் போடுவார்கள். ஒரு உலைக்குச் சுமார் 10 டன் மணல், 12 டன் கரி. முடிவில் உலையை உடைத்தால் சுமார் 2.5 டன் எடையில் ஒரே பாளம் கிடைக்கும். அதிலும் பாதிக்குக் குறைவான பங்குதான் வாளுக்கு ஆகும் 'தமஹகானே' எஃகு. உலையை நடத்தும் தலைவருக்கு 'முராகெ' என்று பெயர். தீயின் நிறத்தையும் உலைக்குள் வரும் சத்தத்தையும் வைத்தே அவர் முடிவெடுப்பார்.

கொல்லர் அந்த எஃகைத் தட்டையாக அடித்து, தண்ணீரில் தோய்த்து, துண்டு துண்டாக உடைப்பார். உடையும் விதத்தை வைத்துக் கரிச்சத்து மிகுந்தது எது, குறைந்தது எது என்று பிரிப்பார். நல்ல துண்டுகளை அடுக்கி, ஈரக் காகிதத்தில் சுற்றி, களிமண் குழம்பும் வைக்கோல் சாம்பலும் பூசி உலையில் வைப்பார். சூடானதும் சம்மட்டியால் அடித்து நீட்டி, நடுவில் வெட்டி மடிப்பார். மறுபடி அடி, மறுபடி மடிப்பு. 'ஆயிரம் முறை மடித்த வாள்' என்று சொல்வது வெறும் கதை. 10 முதல் 15 முறைதான் மடிப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாவதால் 15 மடிப்பிலேயே 32,768 அடுக்கு வந்துவிடும். அதற்கு மேல் போனால் கரிச்சத்து எரிந்துபோய் இரும்பு செத்துவிடும். கெட்டியான இந்த எஃகை வெளித்தோலாகவும், மிருதுவான இன்னொரு இரும்பை உள்ளே நெஞ்சாகவும் வைத்து அடிப்பது பெரும்பாலானவர்களின் வழக்கம். வெளியே கூர்மை நிற்கும், உள்ளே நெகிழ்வு இருக்கும்.

வாள் உருவம் வந்ததும் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் மூன்றையும் குழைத்துப் பூசுவார்கள். முதுகுப் பக்கம் தடிப்பாக, விளிம்பில் மெல்லியதாக. தடிப்பும் மெலிவும் சேரும் எல்லையைக் கொல்லர் எப்படி வரைகிறாரோ அதுதான் பின்னால் ஹமோனாகப் போகிறது. பிறகு பட்டறையை இருட்டாக்குவார்கள். வெளிச்சம் இருந்தால் சூட்டின் நிறம் சரியாகத் தெரியாது. வாள் சுமார் 750 முதல் 800 டிகிரிக்கு ஏறியதும் ஒரே மூச்சில் தண்ணீருக்குள் இறக்குவார். மெல்லிய பூச்சுள்ள விளிம்பு உடனே குளிர்ந்து கண்ணாடி போலக் கெட்டியாகும். தடித்த பூச்சுள்ள முதுகு மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாக இருக்கும். கெட்டியான விளிம்பு பருமனில் கொஞ்சம் விரிவதால் வாள் முதுகுப் பக்கம் வளையும். நீங்கள் இரண்டாம் படியில் பார்த்த வளைவின் ஒரு பங்கு அந்தச் சில விநாடிகளில் வந்தது. விரிசல் விடுவதும் அந்தச் சில விநாடிகளில்தான். பல வார உழைப்பு ஒரு 'டிங்' சத்தத்தோடு போய்விடும்.

சரி, மறுபடி கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். இப்போது அந்தக் கோட்டில் மூன்றைத் தேடுங்கள்.

முதலாவது, வடிவம். நேர்கோடாக ஓடுகிறதா, அலையா, பல்பல்லாக இருக்கிறதா? பிஸென் நாட்டின் இச்சிமோன்ஜி கொல்லர்களின் வாளில் கிராம்பு மொட்டுகளை வரிசையாகக் கோத்தது போல இருக்கும். ஜப்பானியர்கள் அதற்கு வைத்த பெயரும் கிராம்புதான்: 'சோஜி'. மினோ நாட்டுக் கானேமொத்தோவின் வாளில் மூன்று தேவதாரு மரங்கள் நிற்பது போலக் கூம்புகள் மும்மூன்றாக வரும். 17ஆம் நூற்றாண்டில் ஒஸாக்காவில் இருந்த ஸுக்கேஹிரோ கடலலை சுருண்டு எழுவதையே விளிம்பில் கொண்டுவந்தார்.

இரண்டாவது, அந்தக் கோடு எதனால் ஆகியிருக்கிறது என்பது. தனித்தனி மணலாக மின்னினால் 'நியே', தனியே பிரிக்க முடியாத மூடுபனியாக இருந்தால் 'நியோய்'. இரண்டும் ஒரே பொருளின் பெரிய மணியும் சிறிய மணியும்தான். புகழ்பெற்ற கொல்லர் மஸாமுனே இருந்த ஸோஷு மரபில் நியே அள்ளித் தெளித்தது போல இருக்கும். பிஸெனில் பெரும்பாலும் நியோய்.

மூன்றாவது, கோட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்: மின்னல் கீற்று, மணலைத் துடைப்பத்தால் பெருக்கிய தடம், இலை மாதிரி ஒரு திட்டு. மிகாஸுக்கி என்றால் பிறை. அந்த வாளின் விளிம்போரத்தில் பிறை பிறையாகக் கீற்றுகள் தெரிவதால் வந்த பெயர் அது. அதைக் கண்ணால் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

படி 4: இரும்பின் மேனி

ஹமோனுக்கும் வாளின் நடு வரம்புக்கும் இடைப்பட்ட பரப்பைப் பாருங்கள். மரப்பலகையின் ரேகை போல ஒன்று தெரியும். இதுதான் 'ஹதா'. மடித்து மடித்து அடித்ததன் தடம். பலகையின் அலைகள் போல இருந்தால் ஒரு பெயர், முடிச்சுகள் போல இருந்தால் ஒரு பெயர், நேராக நார்நாராக இருந்தால் இன்னொரு பெயர். நேர்நார் மேனியைக் கண்டால் யமாத்தோ மரபை நினைக்கலாம். பழைய பிஸென் வாள்களில் ஹமோனுக்கு மேலே அதன் நிழல் போல இன்னொரு மங்கலான திட்டு தெரியும். அது 'உட்சுரி'. அதைப் பிடிக்க நிறையப் பழக்கம் வேண்டும். முதல் நாள் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் இதைச் சொல்லும்போது உடனே வரும் கேள்வி, "இதுவும் நம்ம உருக்கும் ஒண்ணுதானா?" என்பது. ஒன்றில்லை. தமிழகத்திலும் தென்னிந்தியாவின் மற்றப் பகுதிகளிலும் மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் அடைத்து உருக்கிய எஃகு வேறு. மேற்கத்தியர்கள் 'வூட்ஸ்' என்று அழைத்த அந்த உருக்கில் செய்த வாளில் தெரியும் நீரோட்டக் கோலம், எஃகு மெதுவாக உறையும்போது உள்ளுக்குள்ளேயே படிகமாக வளர்வது. ஜப்பானிய எஃகு முழுதாக உருகுவதில்லை. திடமாகவே உலையிலிருந்து வருகிறது. அதில் இருக்கும் கசடை அடித்து வெளியேற்றத்தான் மடிக்கவே வேண்டியிருக்கிறது. ஒன்று உறையும்போது பிறந்த கோலம், மற்றது சம்மட்டி போட்ட கோலம். இரண்டையும் பார்த்தவர்கள் எது உயர்ந்தது என்று சண்டை போட மாட்டார்கள்.

படி 5: முனை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹமோன் முனைக்குள் போய் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். வட்டமாகத் திரும்புகிறதா, கூராகத் திரும்புகிறதா, தீநாக்கு போலச் சிதறுகிறதா? 'போஷி' என்ற இந்தச் சின்ன இடத்தில் சூட்டைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். அதனால் கொல்லரின் கைத்திறனை இங்கேதான் எடைபோடுவார்கள்.

படி 6: துருவை மதியுங்கள்

வாளின் அடிப்பகுதி, பிடிக்குள் போகும் பாகம், துருப்பிடித்துக் கறுத்திருக்கும். பராமரிக்கவில்லையோ என்று தோன்றும். அந்தத் துருவை யாரும் தொடக் கூடாது என்பது மரபு. 'நக்ககோ' எனப்படும் இந்தப் பகுதியின் துரு நிறம் வயதுக்குச் சாட்சி. அறியாமல் யாராவது தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் வாளின் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும்.

கொல்லரின் பெயர் இங்கேதான் வெட்டப்பட்டிருக்கும். அணியும்போது உடலுக்கு வெளிப்பக்கம் வரும் முகத்தில் பெயரை வெட்டுவது வழக்கம். அதனால் தாச்சியின் கையெழுத்தும் கட்டானாவின் கையெழுத்தும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். பெயரே இல்லாத நல்ல வாள்களும் ஏராளம். நீண்ட பழைய தாச்சிகளைப் பிற்காலத்தில் அடியிலிருந்து வெட்டிக் குறுக்கினார்கள். பெயர் வெட்டுப்பட்டுப் போனது. பிடியைப் பொருத்தும் ஆணித்துளைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த வாள் குறுக்கப்பட்டிருக்கலாம். அப்படிப் பெயர் இழந்த வாள்களைப் பரிசோதித்து, இன்னார் செய்தது என்று தீர்ப்புச் சொன்ன குடும்பம் ஹோனாமி. அவர்களின் தீர்ப்பைத் தங்கத்தில் பதித்த வாள்களும் உண்டு.

ஹோனாமிகள் சாணை பிடிப்பவர்களும்கூட. சாணைக்காரரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது மனக்குறை. கரடுமுரடான கல்லில் தொடங்கி, நகத்தளவு மெல்லிய கல் துண்டு வரை படிப்படியாக மாறி, ஒரு வாளுக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். நாம் மூன்றாம் படியிலும் நாலாம் படியிலும் பார்த்த எல்லாமே அவர் திறந்து காட்டியது. அவர் இல்லாவிட்டால் ஹமோன் எஃகுக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கும்.

படி 7: கைகாவலும் பொருத்துகளும்

பக்கத்துப் பெட்டிக்குப் போங்கள். 'ட்சுபா' எனப்படும் கைகாவல் தட்டுகள் வரிசையாக இருக்கும். ஏழு எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஓர் உலகமே இருக்கிறது.

முதலில் வெறும் இரும்பு ட்சுபாக்களைப் பாருங்கள். தட்டில் துளையிட்டு, மிச்சம் இருக்கும் கோடுகளால் ஒரு நாரையையோ சக்கரத்தையோ காட்டியிருப்பார்கள். எனக்கு இவைதான் பிடிக்கும். அப்புறம் நிற உலோகங்களுக்கு வாருங்கள். 'ஷாக்குதோ' என்பது தாமிரத்தில் கொஞ்சம் தங்கம் கலந்தது. அதை ஒரு ரசாயனக் கரைசலில் கொதிக்கவைத்தால் காக்கைச் சிறகு போல நீலம் ஓடும் கறுப்பாகிவிடும். 'ஷிபுஇச்சி' என்றால் நாலில் ஒரு பங்கு. தாமிரத்தில் வெள்ளி கலந்த சாம்பல் நிறம். பெயிண்ட் எதுவும் கிடையாது, உலோகத்தின் சொந்த நிறம்தான். கறுப்புத் தரையில் மீன்முட்டை போலச் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசை தவறாமல் இருந்தால், அவை ஒவ்வொன்றும் தனித்தனியே உளியால் தட்டியவை.

கோத்தோ குடும்பம் இந்தக் கலையில் பேர்போனது. 15ஆம் நூற்றாண்டில், நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான ஆஷிகாகா ஷோகன்களுக்காகத் தொடங்கிய கோத்தோ யூஜோவின் வழி பல தலைமுறை நீண்டது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதை அரசு தடைசெய்ததும் இந்தக் கைவினைஞர்கள் ஒரே நாளில் பிழைப்பை இழந்தார்கள். அவர்களில் மிகச் சிறந்தவரான கானோ நட்ஸுவோ அதற்கு முன்பே புதிய மெய்ஜி அரசின் நாணயங்களுக்கு வடிவம் செதுக்கத் தொடங்கியிருந்தார்.

பிடியில் பட்டு நாடாவுக்கு அடியில் வெள்ளையாகப் பொடிமணிகள் தெரிகிறதா? அது திருக்கை மீனின் தோல். கை வழுக்காது, மரப்பிடியும் பிளக்காது.

படி 8: கவசத்தைச் சுற்றி நடங்கள்

கவசத்தைப் பார்க்கும்போது எல்லோரும் முகமூடியையே பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் நெஞ்சைப் பாருங்கள். அங்கேதான் காலம் தெரியும்.

பெட்டி போல அகலமாக, பெரிய சதுரத் தோள்தகடுகளோடு இருந்தால் அது 'ஓயோரோய்', ஹேயன், காமகுரா காலத்துக் குதிரை வில்லாளியின் உடை. எடை 30 கிலோ வரை வரும். குதிரையின் சேணத்தில் அமர்ந்துவிட்டால் அந்தப் பாரத்தின் பெரும்பங்கு சேணத்துக்குப் போய்விடும். நெஞ்சில் மட்டும் பூவேலை அச்சிட்ட தோல் போர்த்தியிருப்பதைக் கவனியுங்கள். வில்லின் நாண் அடுக்குகளில் சிக்காமல் வழுக்கிப் போகத்தான் அந்தத் தோல். இரண்டு கையும் வில்லுக்கே வேண்டும் என்பதால் கேடயம் பிடிக்க முடியாது; தோளில் தொங்கும் அந்தப் பெரிய தகடுகள்தான் கேடயம். வில்லை இழுக்கும்போது தாமாகப் பின்னால் போய், தாழ்ந்ததும் முன்னால் வரும்.

இப்போது பக்கத்தில் போய் அடுக்குகளைப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் விரலளவு அகலமுள்ள சின்னச் சின்னத் தகடுகளால் ஆனது. பதனிடாத தோலும் இரும்பும் கலந்து அடுக்கி, உருஷி பூசிக் கட்டியவை. ஒரு கவசத்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். உருஷியை நாம் அரக்கு என்று சொல்லிவிடுகிறோம். நம் அரக்கு பூச்சி தருவது, உருஷி ஒரு மரத்தின் பால். காற்றில் ஈரம் இருந்தால்தான் அது இறுகும். ஈரமான நாட்டில் இரும்பையும் தோலையும் காக்க அதைவிடப் பொருத்தமான பூச்சு வேறு என்ன இருக்க முடியும்?

தகடுகளைக் கோக்கும் பட்டு நாடாவுக்கு 'ஓதோஷி' என்று பெயர். கவசத்தின் பெயரே அந்த நாடாவின் நிறத்தால்தான் வரும்: செம்பட்டுக் கவசம், கருநீலக் கவசம், மேலே வெளிறிக் கீழே போகப்போக அடர்த்தியாகும் கவசம். டோக்கியோவின் மேற்கே மித்தாக்கே மலைக்கோயிலில் ஹத்தாகேயாமா ஷிகேத்தாதா என்ற சாமுராய் காணிக்கையாகக் கொடுத்ததாகச் சொல்லும் செம்பட்டு ஓயோரோய் இருக்கிறது. நம் மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த அகானே வேரில் தோய்த்த பட்டு அது. மெய்ஜி காலத்தில் பழுதுபார்த்தபோது புதிதாகச் சேர்த்த நாடாவுக்குச் செயற்கைச் சாயம் போட்டார்கள். எண்ணூறு வருஷத்து வேர்ச்சாயம் இன்றும் சிவப்பாக இருக்கிறது. செயற்கைச் சாயம் வெளிறிவிட்டது. வேர்ச்சாயம் தோய்த்த அந்தக் கைகளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம்.

1543இல் தானேகாஷிமா தீவில் போர்ச்சுகீசியர் வழியாகத் துப்பாக்கி வந்தது. அதற்குப் பிறகு கவசம் உடலோடு ஒட்டியது; சின்னத் தகடுகளின் இடத்தில் முழு இரும்புப் பாளங்கள் வந்தன; நெருக்கமாகக் கோத்த நாடா இடைவெளி விட்டு இரட்டை இரட்டையாக ஆனது. நாடா நெருக்கமாக இருந்தால் மழையில் நனைந்து கனக்கும், குளிரில் உறையும், பேன் பிடிக்கும். 'தோசேய் குசோக்கு', அதாவது இக்காலக் கவசம், என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஐரோப்பிய மார்புக்கவசத்தை வாங்கி ஜப்பானிய முறையில் மாற்றி அணிந்தவர்களும் உண்டு. நெஞ்சில் சின்னப் பள்ளம் தெரிந்தால் அது பெரும்பாலும் சுட்டுப் பார்த்துச் சோதித்த தடம்.

முகமூடிக்கு இப்போது வரலாம். சுருக்கங்கள், மீசை, பல் எல்லாம் பார்த்துவிட்டுத் தாடைக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஒரு சின்னத் துளை இருக்கும். வேர்வை வடியும் வழி அது. அந்தத் துளையைப் பார்த்ததும்தான் அதற்குள் ஒரு மனிதன் இருந்தான் என்பது எனக்கு உறைத்தது.

படி 9: தலைக்கவசம்

'கபுத்தோ' எனப்படும் தலைக்கவசத்தில் விலா போல எழும் வரம்புகளை எண்ணிப் பாருங்கள். உயர்ந்த வகையில் 62 தகடுகள்கூடச் சேர்த்திருப்பார்கள். இந்த வேலையில் மியோச்சின் குடும்பத்தின் பெயர் அடிக்கடி வரும். போர் நின்ற எடோ காலத்தில் அந்தக் குடும்பத்தினர் தங்கள் கையை வேறு பக்கம் திருப்பி, மூட்டுக்கு மூட்டு அசையும் இரும்பு நாகங்களையும் நண்டுகளையும் செய்தார்கள். 1713இல் மியோச்சின் முனேஆக்கி செய்த நாகம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசித்திர உருவங்கள் வந்தன: முயல் காது, கெளிறு மீனின் வால், சங்கு. கூட்டப் போரில் தலைவன் எங்கே என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் அந்த உருவங்கள் பெரும்பாலும் மரமும் காகிதமும் தோலும் உருஷியும்தான். போர்த்தலைவர் தாத்தே மஸாமுனேயின் (கொல்லர் மஸாமுனே வேறு) தலைக்கவசத்துத் தங்கப் பிறை செந்தாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறையின் இரு முனையும் சமமில்லை. அவருடைய வலக்கைப் பக்கம் குட்டை. வாளை ஓங்கும்போது தட்டாமல் இருக்க அப்படி என்பார்கள். அதே காலத்துத் தளபதி நாவோயே கானேட்ஸுகுவின் கபுத்தோவில் 'அன்பு' என்ற ஒற்றை எழுத்து பெரிதாக நிற்கும். அது காதலைக் குறித்ததாகத் தெரியவில்லை; ஒரு தெய்வப் பெயரின் முதலெழுத்து என்றே பலரும் சொல்கிறார்கள்.

படி 10: கையில் வாங்கும் வாய்ப்பு வந்தால்

ஜப்பானில் சில சங்கங்களும் பட்டறைகளும் வாளைக் கையில் கொடுத்துப் பார்க்க விடுவார்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். வாங்குவதற்கு முன் வாளுக்குத் தலை வணங்குங்கள். பிடியைத் தவிர வேறெங்கும் தொடாதீர்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் துரு வரும். வாளுக்கு மேல் பேசாதீர்கள். எச்சில் துளி போதும் கறை விழ. வெறும் விளக்குக்கு எதிரே முனையைக் காட்டி, கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டியில் கழுத்து நோகத் தேடியது அரை நொடியில் தெரியும். லேசாக ஒரு வாசனை வந்தால் அது கிராம்பு எண்ணெய்.

எங்கே போகலாம்?

டோக்கியோவில் உயேனோவின் தேசிய அருங்காட்சியகமும் ரியோகொக்குவில் இருக்கும் வாள் அருங்காட்சியகமும் போதும், இரண்டு நாள் போய்விடும். வாள்களைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்கள். குறிப்பிட்ட வாளைப் பார்க்க ஆசையென்றால் போவதற்கு முன் அவர்களின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓக்காயாமாவின் ஒஸாஃபுனேயில் அருங்காட்சியகத்தை ஒட்டியே பட்டறைகள் உள்ளன. அடிக்கும் நாளில் போனால் தீப்பொறியையும் பார்க்கலாம். அங்கே இருக்கும் 'சான்சோமோ' வாளை ஊரை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள செட்டோஉச்சி நகரம் மக்களிடம் நன்கொடை திரட்டி, 2020இல் 50 கோடி யென் கொடுத்து வாங்கியது. கவசத்துக்கு ஒரே இடம் சொல்லச் சொன்னால் உள்நாட்டுக் கடலில் ஓமிஷிமா தீவின் ஓயாமாஸுமி கோயில். வெற்றி பெற்ற தளபதிகள் நூற்றாண்டுகளாகக் காணிக்கை வைத்த கவசங்கள் அங்கே குவிந்திருக்கின்றன. ஐரோப்பாவில் இருப்பவர்கள் பிரிட்டனின் ராயல் ஆர்மரீஸ் சேகரிப்பைப் பாருங்கள்; 1613இல் ஷோகன் ஹிதேத்தாதா, முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அனுப்பிய கவசம் அதில் உண்டு.

போகும்போது ஒரு சின்ன ஒற்றைக்கண் தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பதைக் காட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள். முதல் நாளில் மூன்று வாள்களுக்கு மேல் பார்க்க வேண்டாம். மறுநாள் காலை கூட்டம் வருவதற்குள் போய், அந்த மூன்றில் மனதில் நின்ற ஒன்றின் முன் மறுபடி முழங்காலை மடியுங்கள்.